கை நனைத்த மதியம்

சம்பந்தி,

நேற்று மேடவாக்கத்தில் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, “இதுல தொடைச்சுக்குங்க அங்கிள்” என்றார்கள். என் மகள் கலாவும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் உணவுத் திருவிழாவாம். வாங்க நைனா என்று கலா இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். தண்ணீர் லாரி இன்னும் வரவில்லையாம், டிஷ்யூதான் இருக்கிறதாம். குழம்பு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக அந்தக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் நினைப்பு வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டாயிற்று, கை மட்டும் நனையவில்லை. இப்படி ஓர் ஏற்பாடு அன்றைக்கே இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீங்களும் என் சம்பந்தி ஆகியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் போய் ஓர் ஆடி கழிந்துவிட்டது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். நேர்மையானவர் என்றார்கள். வெள்ளை மனசு, கள்ளம் கபடம் தெரியாத மனுஷன் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நேர்மையானவர் என்பதை எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்வேன். கள்ளம் தெரியாதவர் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அந்தக் கூடுவாஞ்சேரி மைதானத்தில் எனக்குச் சோறு போட்ட விஷயத்தில் இன்றுவரை உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. செத்துப்போன மனுஷன்மேல் சந்தேகப்படலாமா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது பட்டது தீராமல் மிச்சம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சந்தேகம் என் தொழில். உங்களுக்குத் தெரியாததா? சைக்கிளின் பின்னால் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று தெருத்தெருவாக அளந்து விற்றுவிட்டுத்தான் தாம்பரம் மார்க்கெட்டில் கடை பிடித்தேன். மிளகு என்று பப்பாளி விதையைக் கொண்டுவந்து கொட்டுவான். மிளகாய்த் தூள் என்று செங்கல்லை அரைத்து விற்பான். நல்லெண்ணெய் என்று டின்னைத் திறப்பான், பாதி வேறு எண்ணெயாக இருக்கும். நான் எவன் சொல்வதையும் கேட்கமாட்டேன். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சே. சரக்கை விட்டுவிட்டு என் குடும்பம் சௌக்கியமா என்று முதலில் கேட்டவனிடம் நான் வாங்கியதே இல்லை. அப்படித்தான் நிமிர்ந்தேன்.

கடையில் செல்லுபடியான இந்தப் புத்தி வீட்டிலும் குடியேறியதற்குக் காரணம் என் தங்கை பவுனு.

எங்கள் ஜனங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்பந்தம் பேசப் போன இடத்தில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோறு மட்டும் தின்னக் கூடாது. சோறு தின்று கை கழுவினால் கை நனைத்தாயிற்று என்று பொருள். கை நனைத்தால் சம்மதம் சொன்னதாகிவிடும். அப்புறம் பின்வாங்குகிறவனை ஒருவனும் மனுஷனாக மதிக்கமாட்டான். பவுனுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் எங்கள் நைனா அந்த வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டார். ஃபேன் ஓடியது, புது பீரோ நின்றது, வாசலில் பசு கட்டியிருந்தது. சந்தோஷத்தில் இலை போட்டு உட்காரவைத்தார்கள், இவரும் உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆள் அவர் காதில் சொன்னான், அந்தப் பையனுக்குப் பல்லாவரத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று. நைனா வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “கை நனைச்சிட்டு வந்துட்டேன். இனிமே இன்னா பேச்சு கீது?” என்றார். அவ்வளவுதான். ஃபேன், பீரோ, பசு எல்லாம் இரவல் என்பது தாலி கட்டியபிறகு தெரிந்தது. ஒரு வருஷத்துக்குள் பவுனு ஒற்றைப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதற்கப்புறம் அவள் வெளியில் யார் வீட்டிலும் ஒரு பருக்கை சோறு தின்றதில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட மொய் எழுதிவிட்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அதனால் கலாவுக்கு வந்த வரன்களை நான் சல்லடையில் போட்டுச் சலித்தேன். ஒருவன் நகை அதிகம் கேட்டான், பேராசைக்காரன். ஒருவன் அவசரப்பட்டான், எதையோ மறைக்கிறான். ஒருவனுடைய அப்பா என்னைப் பார்த்து ஓயாமல் சிரித்தார், அவர் வேண்டவே வேண்டாம். கலா பட்டப்படிப்பு முடித்து, டைப்ரைட்டிங் முடித்து, தெருவில் அவளோடு விளையாடிய பெண்களெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தரகர் உங்களை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, சர்க்கார் ஆபீஸ் குரல். உங்களைப் பார்த்த நொடியே எனக்கு உறுத்தியது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை. நீங்கள் கல்லாவின் எதிரில் உட்கார்ந்து, பையனின் படிப்பையும் பேங்க் உத்தியோகத்தையும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். நகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“பொண்ணு பார்க்க எப்போ வர்றீங்க?” என்று நானே கேட்டேன்.

“வீட்டுக்கெல்லாம் வேண்டாம் சார். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல வருஷா வருஷம் நடக்கிற உணவுத் திருவிழா. ஸ்கூல் கிரவுண்ட்ல. நான்தான் கமிட்டி செகரட்டரி. நீங்க ஃபேமிலியோட வாங்க. கூட்டத்தோட கூட்டமா பையனும் பொண்ணும் பார்த்துக்கட்டும். பிடிச்சா பேசுவோம். இல்லேன்னா வடை சாப்பிட்டு வந்த மாதிரி இருக்கட்டும்.”

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருவதுதானே முறை? “சரி, நாங்க உங்க வீட்டைப் பார்க்கணும் இல்லையா?” என்றேன். “வீட்ல வெள்ளையடிக்கிற வேலை நடக்குது சார்” என்றீர்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் அடிக்காத வெள்ளையை அப்புறம் அடிக்கிற வீடு எது?

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரி சரோஜாவிடம் சொன்னேன். “நகை கேக்கல. நம்ம வூட்டுக்கு வர மாட்டன்றான். அவன் வூட்டுக்கும் கூப்புட மாட்டன்றான். இதுல இன்னாமோ கீது.”

“மின்ன வந்தவன் நகை கேட்டான்னு வோணான்ன. இவரு கேக்கலன்னு வோணான்ற. உனுக்கு இன்னாதான்யா வோணும்? நீ சந்தேகப்பட்டே எம் பொண்ண கெழவியாக்கிடுவ போலக்கீதே!”

கலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவுனு ரசம் ஊற்றினாள். இரண்டு பேரையும் பார்த்தேன். இந்த வரனையும் சந்தேகப்பட்டு விரட்டினால் கலா இப்படியே இருந்துவிடுவாள். நம்பி ஏமாந்தால் பவுனு மாதிரி திரும்பி வருவாள். இரண்டுக்கும் நடுவில்தான் செங்கல்பட்டு லோக்கலில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏறினேன்.

ரயிலில் உத்தரவு போட்டேன். “அங்க போயி ஜூஸ் குடிங்க, பஜ்ஜி துன்னுங்க. சோறு மட்டும் ஆரும் வாங்கக் கூடாது. எந்தக் கடையில எவ நிக்கிறான்னு நமக்குத் தெரியாது.”

“பசிச்சா இன்னா பண்றது?” என்றாள் சரோஜா.

“வூட்டுக்கு வந்து துன்னு.”

“என்னிய எதுக்குண்ணா சொல்ற? நான் எங்க துன்னேன் இத்தினி வருசமா?” என்றாள் பவுனு.

உங்கள் மைதானம் இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. ஷாமியானா, கீற்றுப் பந்தல், ஒவ்வொரு தெருப் பெண்களுக்கும் ஒவ்வொரு கடை. கூப்பன் இல்லாமல் யாரும் கை நீட்டவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம், கை நீட்டவேண்டாம் என்று மைக்கில் ஓயாமல் அன்பாக மிரட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். எங்களை உங்கள் பையன் சேகரிடம் ஒப்படைத்துவிட்டு, “நீங்க ஃப்ரீயா சுத்திப் பாருங்க சார்” என்று சொல்லிக் கூட்டத்தில் மறைந்துபோனீர்கள். சம்பந்தம் பேச வரச்சொன்ன ஆள் இப்படி நழுவுவாரா? அதையும் மனதில் முடிந்துவைத்தேன்.

சேகர் கரும்பு ஜூஸ் வாங்கிவந்து கொடுத்தான். கலாவோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். நடுவில் சரோஜாவும் பவுனும் காவலுக்கு உட்கார்ந்தார்கள். நான் உளவு பார்க்கக் கிளம்பினேன். ஒரு பக்கம் கடைகளை, இன்னொரு பக்கம் உங்களை.

பஜ்ஜி போட்ட வாணலியில் எண்ணெய் தார் மாதிரி கிடந்தது. கேசரியில் போட்டிருந்த சாயத்தில் ஒரு வீட்டு வாசலுக்குக் கோலம் போட்டு முடித்திருக்கலாம். நெய் தோசை என்று எழுதிய கடையில் நெய் என்ற எழுத்து மட்டும்தான் அசல். கடைக்குக் கடை நின்று, இன்னா எண்ணெ, எங்க வாங்கினது என்று கேட்டேன். ஒருத்தி நான் சுகாதார ஆபீஸர் என்று நினைத்து ஸ்டூல் போட்டாள். நடுவில் ஒரு பல் போன பெரியவரைப் பிடித்து உங்களைப் பற்றி விசாரித்தேன். “செகரட்டரியா? தங்கமான மனுஷன்” என்றார். யாரைக் கேட்டாலும் இதே பதில். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

வெயில் உச்சிக்கு வந்தது. காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியவன் நான். பசி கண்ணைக் கட்டியது. அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்து அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் கத்திரிக்காய் வதங்கிப் புளி கொதிக்கிற வாசனை. கலப்பே இல்லாத எண்ணெய். அத்தனை கடைகளையும் தாண்டி என் கால் தானாக அங்கே போய் நின்றது.

ஓர் அம்மாளும் முப்பதை நெருங்கிய ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். “இன்னா எண்ணெம்மா?” என்றேன்.

அம்மாள் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். “நல்லெண்ணெய்தாங்க. வேற எதுவும் தொடமாட்டோம்.”

“எங்க வாங்குனது?”

“அவர் வாங்கிட்டு வருவாருங்க. எனக்குக் கடை பேரெல்லாம் தெரியாது. உட்காருங்க, சூடா இருக்கு.”

மந்தார இலையில் சோறு வந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம். ரயிலில் போட்ட உத்தரவு ஞாபகம் இருந்தது. ஆனால் இது யாரோ, கடைசி வரிசைக் கடை, கூப்பன் கொடுத்து வாங்குகிற சோறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று முறை சோறு வாங்கினேன். கூப்பனை நீட்டினால் அந்த அம்மாள், “இருக்கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்” என்றாள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். யாவாரம் பண்ண நிற்கிறவள் வந்த கூப்பனை வேண்டாம் என்பாளா? அந்தப் பெண் சொம்பிலிருந்து தண்ணீர் சாய்க்க, நான் கை கழுவினேன்.

கையில் ஈரம் சொட்ட நிமிர்ந்தால் எதிரில் நீங்கள்.

“அட, எங்க வீட்டம்மாவைப் பார்த்தாச்சா! இது எங்க பொண்ணு மாலதி. குழம்பு எப்படி சார்?”

பின்னாலேயே தேடி வந்த சரோஜா என் கையையும் இலையையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்கள பஜ்ஜியோட நிக்கச் சொல்லிட்டு நீ மட்டும் சோறு துன்னுகினு கீறியா? கை நனைச்சிட்டியேய்யா!”

“காசு குடுத்துத் துன்னா கை நனைச்சதா ஆவாது” என்றேன்.

“கூப்பன் உன் கையிலதான கீது?”

கையைப் பார்த்தேன். ஈரத்தில் ஊறிப்போய் என் கையில்தான் இருந்தது.

நீங்கள் ஒன்றும் புரியாத மாதிரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். “கை நனைக்கிறதுன்னா என்ன சார்? சாப்பிட்டா கை கழுவத்தானே வேணும்?”

“சும்மா இருங்க” என்றாள் உங்கள் வீட்டம்மாள். “எங்கம்மா ஊர்ல உண்டு. சம்பந்தி வீட்ல சோறு சாப்பிட்டா முடிவான மாதிரி.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே!” என்றீர்கள். அந்த ‘தெரியாதே’யை நான் அப்போதும் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. அவ்வளவு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்குப் பெண்டாட்டி ஊர் வழக்கம் தெரியாமலா இருக்கும்?

“இந்த அம்மாவுக்கு நான் யாருன்னு முன்னாடியே தெரியும், இல்லியா?” என்று கேட்டேன்.

மாலதிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். “தெரியும் சார். எல்லா ஸ்டால்லயும் மோந்து பார்த்துக்கிட்டு ஒருத்தர் வருவார், அவர்தான்னு அப்பா சொல்லியிருந்தார்.”

அவ்வளவுதான், என் குரல் ஏறிவிட்டது. “தெரிஞ்சுதான் சோறு போட்டீங்க! வூட்டுக்குக் கூப்புடாம மைதானத்துக்கு வரவழைச்சு, ஆளைப் பசியில சுத்தவுட்டு, கை நனைய வெச்சுட்டீங்க. இப்பக் கேக்கறேன். உங்க வூட்ல எத்த மறைக்கிறீங்க? எவன ஒளிச்சு வெச்சுக்கீறீங்க?” பக்கத்துக் கடைக்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். மைக்கில் யாரோ காணாமல் போன குடைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் வாயைத் திறக்குமுன் மாலதி முந்திக்கொண்டாள். “மறைக்கிறது என்னைத்தான் சார்.”

“மாலதி, நீ பேசாம இரு” என்றீர்கள்.

“இருக்கட்டும்பா. சார் கேக்கறது நியாயம்தானே.” அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். “என்னைப் பொண்ணு பார்க்க எங்க வீட்டுக்கு எத்தனை குடும்பம் வந்துதுன்னு எண்ணுறதை நான் நிறுத்திட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு, பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கிட்டு அந்த ஹால்ல வந்து நிக்கணும். எல்லாரும் பஜ்ஜி பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் எப்படின்னு ஒருத்தரும் ஒரு கார்டுகூடப் போடல. கடைசியா ஒருத்தர் போனப்புறம் அப்பா அந்தத் தட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார். இனிமே எந்த வீட்டுப் பொண்ணும் நம்மளுக்காகத் தட்டு தூக்கக் கூடாதுன்னுட்டார். அதான் உங்க வீட்டுக்கு வரல. எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா நான் எதிர்ல வரணும், ஏன் பெரியவளுக்கு ஆகலைன்னு நீங்க கேப்பீங்க. அதுக்குத்தான் வெள்ளையடிக்கிற பொய்.”

நீங்கள் உங்கள் ரிப்பன் பூவைத் திருகிக்கொண்டு நின்றீர்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கேட்கிறவன் மனசு உருகுகிற மாதிரி ஒரு கதை இருந்தாலே அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவன் நான். பவுனை ஏமாற்றியவர்களும் நன்றாகத்தான் பேசினார்கள்.

அதற்குள் கலா வந்தாள், பின்னால் சேகரும் பவுனும். என்ன நடந்தது என்று சரோஜா சொல்லச் சொல்ல கலா சிரிப்பை அடக்கினாள். “நைனா, உங்களுக்கு இவங்கள இன்னிக்குத்தான் தெரியும். இவங்களுக்கு உங்கள அரை வருஷமாத் தெரியும்.”

“இன்னா சொல்ற?”

“இவர் சொன்னார்” என்று சேகரைக் காட்டினாள். “இவங்க அப்பா அரை வருஷமா நம்ம கடையில எண்ணெய் வாங்கறாராம். பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு பார்க்க.”

சேகர் காதுவரைக்கும் சிவந்துபோனான். “சொல்லக் கூடாதுன்னு சொன்னேனே!” என்று நீங்கள் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தீர்கள்.

அந்த நொடியில்தான் உங்கள் முகம் எனக்குப் பிடிபட்டது. லுங்கியும் மஞ்சள் பையுமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் ஆள்! அரை லிட்டர் வாங்குவதற்கு மூன்று டின் திறக்கச் சொல்லி, மூடியை மோந்து பார்த்து, கலப்படமா கலப்படமா என்று உயிரை வாங்கும் ஆள்! உங்களைக் கலப்படத் தடுப்பு இன்ஸ்பெக்டர் மாறுவேஷத்தில் வருகிறார் என்று நினைத்து, கடையாட்களிடம் ஜாக்கிரதை என்று சொல்லிவைத்திருந்தேன். அந்த ஆளுக்குப் பேனா குத்தி வெள்ளைச் சட்டை போட்டால் நான் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்?

“என்னியவே வேவு பார்த்தீங்களா?”

“பின்ன? பெண் எடுக்கிற இடத்தை விசாரிக்க வேண்டாமா சார்? ஆளுங்களைக் கேட்டா எல்லாரும் தங்கமான மனுஷன்னுதான் சொல்வாங்க. நான் யார் பேச்சையும் நம்பமாட்டேன்.”

அந்தப் பெரியவர் உங்களைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு விஷயமும் உறைத்தது. மைதானம் முழுக்க மோந்து மோந்து நான் நம்பிப்போய் உட்கார்ந்த அந்த ஒரே சுத்தமான எண்ணெய், என் கடை எண்ணெய்.

ஆனாலும் கலாவின் வாழ்க்கையை அதில் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. நைனா ஒரு வேளைச் சோற்றுக்குக் கட்டுப்பட்டு ஒரு பெண்ணை அனுப்பிவைத்தது போதும். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “நான் கை நனைச்சது செல்லாது. எவன் இன்னா சொன்னாலும் செரி, என்னிய மனுசனே இல்லன்னாலும் செரி. கலா, நான் துன்ன சோறு உன்ன ஒண்ணும் பண்ணாது. நீ சொல்லு.”

கலா பவுனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஒரு ரகசியத்த ஒரு ஜூஸ் குடிக்கிற நேரம்கூட இவரால காப்பாத்த முடியல நைனா. இவர் எங்கிட்ட எத்த மறைக்கப் போறார்? எனக்குப் புடிச்சிருக்கு.”

நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். பையன் உளறுவதுகூட நடிப்பாக இருந்தால்? அந்த யோசனையை முடித்துவைத்தது நீங்களோ நானோ இல்லை. பவுனு என்னைத் தாண்டிப் போனாள். உங்கள் கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாலதியைப் பார்த்து, “எனக்கும் ஒரு எலை போடும்மா” என்றாள்.

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். மாலதிக்கு அதன் அர்த்தம் தெரியாது, இலையைப் போட்டாள். பவுனு அவசரப்படாமல் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, “தண்ணி ஊத்து” என்று இரண்டு கையையும் நீட்டினாள். ஏன் என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். “நைனா கை நனைச்சாரு, நான் போனேன். நீ கை நனைச்ச, செல்லாதுன்னுட்ட. பொண்ணக் கேட்டியே, அதாண்ணா. அப்பத்தான் எனக்குப் பசிச்சுது” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் கடைக்குள் போய்விட்டேன்.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். வைகாசியில் கல்யாணம். யாரும் தட்டுத் தூக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த என் பங்காளிகளிடம் நீங்கள் மேளக்காரரையும் சமையல்காரரையும் பற்றி நடத்திய குறுக்கு விசாரணையைப் பார்த்து, இந்த ஆள் எனக்கு மேல என்று சரோஜாவிடம் சொன்னேன். மாலதி வேலைக்குப் போனாள், கூட வேலை பார்த்தவரைத் தானே முடிவுசெய்து உங்களிடம் வந்து சொன்னாள். அன்றைக்கும் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். “சம்பந்தி, அந்தப் பையனைக் கொஞ்சம் விசாரிக்கணும், லுங்கி எடுத்துட்டு வாங்க.” இரண்டு பேரும் அவன் தெரு முனையில் டீக்கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோமே! அவன் வந்து, “அங்கிள், வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க, வீட்டுக்கு வாங்க” என்று கூப்பிட்டபோதுதான் எழுந்தோம். ஒவ்வொரு தைமாதமும் இரண்டு குடும்பமும் உங்கள் மைதானத்துக்குப் போனோம். கடைக்குக் கடை நின்று, பிறத்தியார் சமையலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே தின்றோம். அதைப்போல ஒரு ருசி எனக்கு வேறெதிலும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் நான் விடவில்லை. “இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க சம்பந்தி. அன்னிக்கு கை நனைக்கிறது இன்னான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சோறு போடச் சொன்னீங்க.”

“பசின்னு வந்தீங்க, போட்டோம்” என்றீர்கள். எதிராளி மேலே கேட்காதபடி மூட்டை வாயைக் கட்டுகிற பதில். எனக்கு அந்த வகைப் பதில்கள் தெரியும்.

நான் எழுந்திருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். குரல் காற்றாக இருந்தது. “எனக்கும் ஒரு சந்தேகம் சம்பந்தி. ரொம்ப வருஷமா. மூடின டின்னைத் தொட்டே எந்த ஊர் எண்ணெய்னு சொல்ற ஆள் நீங்க. உங்க கடை எண்ணெய் உங்களுக்கா தெரியாமப் போச்சு?”

நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டாள். மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் உங்களுக்கு நினைவு இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இன்னும் இருக்கிறேன் சம்பந்தி. பசியில் தெரியவில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டேன். புளி கொதித்ததில் மறைந்துவிட்டது என்று அப்புறம் சொல்லிக்கொண்டேன். இரண்டையும் நான் வேறொருவன் சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், சரி என்று சொல்ல வாய் வராமல், என் மூக்கு என்னைக் கேட்காமலே அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டதோ? ஊரையே சந்தேகப்பட்டவனை, கடைசியில் தன்னையே சந்தேகப்படும்படி விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆள் லேசில் வாய் திறக்கிறவனாகத் தெரியவில்லை.